அம்மாவின் கண்புரை ஆபரேஷன்: பாலிசியில் 40,000, ஆஸ்பத்திரி சொல்வது 85,000

தையல்காரர் மகள்
2 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகக் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

அம்மாவுக்கு 63 வயது. ராஜபாளையத்தில் வீட்டிலேயே தையல். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் வரும் யூனிஃபார்ம்தான் வருடத்தில் பெரிய வருமானம். இந்த ஜூனில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அக்கா, முந்தைய நாள் வாங்கிப்போன பினோஃபாரைத் திரும்பக் கொண்டுவந்தார். துணி கருநீலம். கழுத்துப் பட்டியிலும் இடுப்பிலும் ஓடியிருந்த நூல் கறுப்பு. அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கலராத்தானே இருக்கு" என்றார். நான் நூல் டப்பாவைத் திறந்து கருநீலக் கண்டு ஒன்று, கறுப்புக் கண்டு ஒன்று எடுத்து இரண்டு கையிலும் கொடுத்தேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதுரையில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். ஆபரேஷன்தான் வழி, ஆனால் இன்றைக்கே ஓடிவர வேண்டிய அவசரம் இல்லை என்றார் டாக்டர். அப்புறம் கவுன்டரில் ஒரு பெண் மூன்று பேக்கேஜ் எழுதிக் கொடுத்தார். ஒரு கண்ணுக்கு 32,000, 48,000, 85,000. லென்ஸை வைத்துத்தான் விலை மாறுகிறதாம். பாலிசி இருக்கிறது என்றதும், "அப்படின்னா 85-லேயே போட்டுக்கோங்க, கண்ணாடியே வேண்டாம்" என்றார்.

பாலிசி ஆரோக்ய சஞ்சீவனி, 2 லட்சம். 18 ஆகஸ்ட் 2023-இல் எடுத்தது. எடுக்கும்போதே அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பாலிசிப் புத்தகத்தில் கண்புரைக்கு 40,000 என்று ஒரு வரியும், இரண்டு வருடக் காத்திருப்பு என்று இன்னொரு வரியும் இருக்கின்றன.

என் கேள்விகள் இவைதான். அந்த 40,000 முழுசாகக் கையில் வருமா? சர்க்கரையைக் காரணம் காட்டி மறுப்பார்களா? 85,000 லென்ஸ் உண்மையிலேயே அம்மாவுக்குத் தேவையா? நான் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 17,500. தேவை என்றால் நகையை வைத்தாவது போட்டுவிடுவேன். தேவையில்லாததற்கு வைக்க மனமில்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் முதலில் விசாரித்த பெண் "எவ்வளவு நாளா மங்கலா இருக்கு?" என்று கேட்டதற்கு, அம்மா "அது ஆச்சு ரெண்டு மூணு வருஷம்" என்று சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டில் 3 வருடம் என்று எழுதியிருக்கிறார்கள். இதனால் பிரச்சினை வருமா?

---

பழைய க்ளைம் டெஸ்க்
2 ஜூலை 2025

தங்கச்சி, 18 வருடம் ஒரு டிபிஏ-வில், அதாவது காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக க்ளைம்களைச் சரிபார்க்கும் நிறுவனத்தில், க்ளைம் பார்த்தவன் நான். உங்கள் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பணம். ஆரோக்ய சஞ்சீவனி எல்லா நிறுவனமும் ஒரே விதிகளோடு விற்க வேண்டிய பாலிசி. 2020 ஏப்ரலில் வந்தது. அதில் கண்புரைக்கு, ஒரு பாலிசி வருடத்தில், ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000, எது குறைவோ அது. உங்கள் 2 லட்சத்துக்கு 25 சதவீதம் 50,000. ஆகவே 40,000. (1 லட்சம் பாலிசி வைத்திருப்பவருக்கு 25,000-தான். இது தெரியாமல் நிறையப் பேர் பில் கட்டும் இடத்தில் வந்து நிற்பார்கள்.) அதிலும் 5 சதவீதம் கோ-பே உண்டு, அதாவது உங்கள் பங்கு. ஆக 48,000-க்குப் போட்டாலும் 85,000-க்குப் போட்டாலும் கம்பெனியிடமிருந்து வருவது அதிகபட்சம் 38,000. 85,000 லென்ஸ் போட்டால் ஒரு கண்ணுக்கு 47,000 உங்கள் கையிலிருந்து. இரண்டு கண்ணுக்கு 94,000. பாலிசி இருப்பதால் பெரிய லென்ஸ் போடலாம் என்று அந்தக் கவுன்டர் பெண் சொன்னது கணக்குக்கே ஒத்துவராது.

ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே, 24 மணி நேரம் படுக்காமல் க்ளைம் வருமா என்று கவலைப்பட வேண்டாம். இது டே-கேர் சிகிச்சையில் சேர்ந்தது.

அடுத்து தேதி. உங்கள் 24 மாதம் ஆகஸ்ட் 17-இல்தான் முடிகிறது. அதற்கு ஒரு நாள் முன்னால் செய்தாலும் ஒரு ரூபாய் வராது. டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: இன்னும் ஏழெட்டு வாரம் பொறுக்கலாமா? பொறுக்கலாம் என்றால் பொறுங்கள். வேண்டாம் என்றால் பாலிசியை மறந்துவிட்டுச் செய்யுங்கள். முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடலாம். ரினியூவல் பிரீமியத்தையும் ஆகஸ்ட் 17-க்குள் கட்டிவிடுங்கள். அதன் பிறகும் சலுகை நாட்கள் உண்டுதான். ஆனால் தேதி தாண்டிக் கட்டும் வரையிலான இடைவெளியில் நடக்கும் ஆபரேஷனுக்குக் கேட்க முடியாது.

இப்போது அந்த "3 வருடம்". பாலிசியில் ஒரு வாக்கியம் இருக்கும், தேடிப் பாருங்கள்: ஒரு நோய் இரண்டு வருடக் காத்திருப்புப் பட்டியலிலும் இருந்து, முன்பே இருந்த நோயாகவும் இருந்தால், இரண்டில் எது நீளமோ அது பொருந்தும். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு, 2024 மாற்றத்துக்குப் பிறகு அதிகபட்சம் 36 மாதம். கேஸ் ஷீட்டில் "3 வருடம்" என்று பார்த்ததும் க்ளைம் பார்க்கிறவன் கை அங்கேதான் போகும். என் கையும் போயிருக்கும்.

ஆனால் முன்பே இருந்த நோய் என்பதற்கு விதியில் சொல்லியிருப்பது வேறு. பாலிசி எடுப்பதற்கு முன் ஒரு டாக்டர் அந்த நோயைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ நடந்திருக்க வேண்டும். கண் மங்கலாக இருந்தது என்று அம்மா வாய்வார்த்தையாகச் சொன்னது அதில் சேராது. புரை என்று முதன்முதலில் எப்போது, யார் எழுதினார்கள் என்பதுதான் விஷயம். பழைய கண் பரிசோதனைச் சீட்டு ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

கேஸ் ஷீட்டை அழித்துத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அது தவறு, மாட்டினால் பாலிசியே போகும். புரை முதலில் கண்டறியப்பட்டது 2025 ஜூனில் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்குங்கள். அது உண்மை என்பதால் எழுதித் தருவார். சர்க்கரையை நீங்கள் மறைக்கவில்லை. அது உங்களுக்குப் பெரிய பலம்.

---

வைகைக்கரை
3 ஜூலை 2025

கண் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்மா. லென்ஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

85,000 என்று சொன்னது மல்டிஃபோகலாகத்தான் இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அது தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போடும். கண்ணாடித் தேவை குறையும் என்பது நிஜம். ஆனால் பங்கு போட்டதில் நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையே உள்ள தெளிவு ஒரு பிடி குறையும். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். கருநீலத் துணியில் கருநீல நூல் ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு பிடிதான் முக்கியம். சர்க்கரை வேறு இருக்கிறது. பின்னால் விழித்திரையில் ஏதாவது வந்தால் மல்டிஃபோகல் போட்ட கண் இன்னும் சிரமப்படும். ஆபரேஷனுக்கு முன் விழித்திரையைச் சொட்டு மருந்து விட்டு விரித்துப் பார்த்தார்களா என்று கேள். பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்.

மோனோஃபோகல் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் வேலை செய்யும். பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைத்துவிடுவார்கள். படிக்க, தைக்கக் கண்ணாடி போட வேண்டும். அம்மா நாள் முழுக்க மெஷினில் குனிந்திருப்பவர். அதனால் பவர் கணக்குப் பார்க்கும்போதே கிட்டப் பார்வைக்கு வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேள். மைனஸ் இரண்டு, இரண்டரை அளவில் விட்டுக் கணக்குப் போடுவார்கள். கண்ணாடி இல்லாமல் தைக்கலாம். ரோட்டில் நடக்கும்போது, டிவி பார்க்கும்போது கண்ணாடி. இதற்குத் தனிக் காசு கிடையாது. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் வழக்கம்போலத் தூரத்துக்குத்தான் வைப்பார்கள். எத்தனையோ தையல்காரர்களும் பத்தர்களும் ஆபரேஷன் முடிந்த மறுவாரம் "தூரம் பளிச்சுன்னு தெரியுது, ஊசிதான் தெரியல" என்று வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

லென்ஸ் பவருக்காகக் கண்ணை அளக்கும் ஏ-ஸ்கேன் எடுக்கும் நாளில் அம்மாவின் மெஷின் ஊசிக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போ.

---

மஞ்சள் மண்டி
3 ஜூலை 2025

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கே 2023-இல் ஆபரேஷன். என் பாலிசியில் கண்புரைக்குத் தனி வரம்பே கிடையாது. இருந்தும் பில் 64,000-க்கு 24,000-தான் கொடுத்தார்கள். "நியாயமான, வழக்கமான கட்டணம்" இவ்வளவுதான் என்று ஒரு வரிக் கடிதம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த லென்ஸை வைத்து வழக்கம் என்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்துச் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனுப் போட்டேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நாமே பேசலாம். விசாரணையில் கம்பெனிக்காரரால் அந்த "வழக்கம்" எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியவில்லை. மேலும் 28,000 வந்தது. என் வயசுக்கு அந்த அலைச்சல் அதிகம்தான், ஆனாலும் விடவில்லை.

சகோதரிக்கு ஒன்றுதான் சொல்வேன். எதையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள். லென்ஸ் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; பெயர், பவர், சீரியல் நம்பர் எல்லாம் அதில். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பில்லில் லென்ஸ் விலை தனியாக வர வேண்டும். சொட்டு மருந்து வாங்கிய பில், ஸ்கேன் பில் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஆபரேஷனுக்கு 30 நாள் முன், 60 நாள் பின் ஆன செலவுக்கும் உங்கள் பாலிசியில் இடம் இருக்கிறது. மறுத்தால் மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வந்து ஒரு வருடத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும்.

---

அழகர்மலை
4 ஜூலை 2025

நகையை வைத்தாவது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும்தான் எழுதத் தோன்றியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. முகாமில் பார்த்து, பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடும் போட்டு இலவசமாக ஆபரேஷன் செய்து அனுப்புகிறார்கள். என் அப்பாவுக்கு மேலூர்ப் பக்கம் நடந்த முகாமில்தான் கண்டுபிடித்தார்கள். உள்ளே வைக்கும் லென்ஸை 1992-லிருந்து அவர்களின் ஆரோலேப் மதுரையிலேயே செய்கிறது. அதற்கு முன் வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலை. அப்பா அதற்குப் பிறகு பத்து வருடம் வயலுக்குப் போனார்.

அரசு மருத்துவமனையிலும் கண்புரை ஆபரேஷன் லென்ஸோடு இலவசம். பாலிசி மறுத்துவிட்டால்கூட அம்மா பார்வை இல்லாமல் இருக்கப் போவதில்லை. அந்தப் பயத்தை மட்டும் விடுங்கள்.

---

தையல்காரர் மகள்
9 ஜூலை 2025

எல்லோருக்கும் நன்றி. பழைய சீட்டு கிடைத்துவிட்டது! அம்மா முக்கியமான காகிதம் எல்லாவற்றையும் தையல் மெஷின் டிராயரில்தான் வைப்பார். பாபின், உடைந்த ஊசி, ரேஷன் கடை ரசீதுக்கு நடுவில் மடித்து இருந்தது. 2024 பிப்ரவரியில் கண்ணாடி மாற்றும்போது ஒரு கண் டாக்டர் எழுதியது. பவர் மட்டும் மாற்றியிருக்கிறார், இரண்டு கண்ணிலும் லென்ஸ் தெளிவு என்றே எழுதியிருக்கிறார். மெஷின் எண்ணெய் ஒரு மூலையில் ஊறியிருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. பாலிசி எடுத்து ஆறு மாதம் ஆன பிறகு எழுதிய சீட்டு அது.

டாக்டரையும் மறுபடி பார்த்தேன். ஆகஸ்ட் கடைசி வரை பொறுப்பதில் ஆபத்து இல்லை என்றார். விழித்திரை பார்த்தார், சர்க்கரை இன்னும் கண்ணைத் தொடவில்லையாம்.

ஊசிக்கும் அம்மா கண்ணுக்கும் 38 சென்டிமீட்டர், அக்கா.

---

பழைய க்ளைம் டெஸ்க்
9 ஜூலை 2025

அந்தச் சீட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். இரண்டு கண்ணையும் ஒரே பாலிசி வருடத்தில் செய்தாலும் உங்களுக்குத் தனித்தனி 40,000 உண்டு. மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பாலிசியில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரே வரம்பா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒரு கண்ணை ரினியூவலுக்கு முன்னும் அடுத்ததைப் பின்னும் வைத்துக்கொள்ளலாம்.

---

தையல்காரர் மகள்
10 செப்டம்பர் 2025

வலது கண் ஆபரேஷன் செப்டம்பர் 2-இல் நல்லபடியாக முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

32,000 பேக்கேஜ்தான். 48,000 லென்ஸைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "அம்மா வேலைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது" என்றார். கிட்டப் பார்வைக்கு வைக்கலாமா என்று கேட்டதும் அவரே அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "தைப்பீங்களா? முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். 38 என்று எழுதிய துண்டுச் சீட்டைக் கேஸ் ஷீட்டில் பின் பண்ணிக்கொண்டார்.

கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) போட்ட அன்று கம்பெனியிடமிருந்து எதிர்பார்த்த கேள்வியே வந்தது: 3 வருட மங்கல் என்று இருக்கிறது, முதல் ஆலோசனைச் சீட்டு அனுப்பவும். பிப்ரவரி 2024 சீட்டின் நகலும் டாக்டர் சான்றும் அனுப்பினோம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறதாம். எங்களுக்கு மறுநாள் காலைதான் வந்தது, ஆனால் சம்மதம் வந்துவிட்டது. பில் 32,000-இல் 5 சதவீதம் 1,600, அப்புறம் பாலிசியில் வராத சில்லறைச் சாமான்களுக்கு 410. நான் கட்டியது 2,010 ரூபாய். சொட்டு மருந்து பில்லைத் தனியாக அனுப்பப் போகிறேன். லென்ஸ் ஸ்டிக்கரை ஈரோட்டு ஐயா சொன்னபடி கேட்டு ஒட்டி வாங்கினேன்.

இந்தச் செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகஸ்டில் கட்டிய எங்களுக்கு அது அடுத்த ரினியூவலில்தான். தேதி விடாமல் கட்டியதில் வருத்தம் இல்லை.

அடுப்புப் பக்கம் போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பதறிப்போய்க் கேட்டேன். தைக்கவில்லை, நூல் டப்பாவைத்தான் மடியில் வைத்திருந்தார். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கண்டாக எடுத்து, கருநீலத்தை ஒரு பக்கம், கறுப்பை ஒரு பக்கம், அரக்கை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக எல்லாம் கலந்து கிடந்த டப்பா. அப்புறம் கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுல இன்னும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

அந்தப் பினோஃபாரைப் பக்கத்துத் தெரு அக்காவிடமிருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். டாக்டர் அனுமதித்ததும் முதல் வேலையாகக் கறுப்பு நூலைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

இடது கண்ணுக்கு அக்டோபர் 14 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பில்லும் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.